கிளின்டன் பெருமகனாரின் கல்லறைச் சின்னம்

உயிரோடிருக்கையில் வசை, மறைந்தபின் சிலை! தமக்கு நன்மை புரிந்த பெரியார் பலருக்கு உலகத்தார் அளித்துள்ள சன்மானம் இதுவே. நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலே கிறீன்வூட் என்னும் மயானத்தில் ஆளுயரத்தினும் மிக்கதொரு வெண்கலச் சிலை நிற்கின்றது. நியூயோர்க் மாநிலத்தின் கவர்னராகவும் பிறீமேசன் சகோதரத்துவத்தின் தலைவராகவும் விளங்கிய டிவிற் கிளின்டனின் ஞாபகச் சின்னம் அது. அச்சிலை எழும்புமுன் நிகழ்ந்தவற்றை நம் சங்கத்து வாலிப அன்பர்களும் பெரியோர்களும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி, அன்னாரின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூற முன்வந்தோம்.

கிளின்டன் 1769ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தையார் அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் படைத் தலைவர். சிறிய தகப்பனார் ஜோர்ஜ் கிளின்டன் அம்மாநிலத்தின் முதற் கவர்னர். கொலம்பியாக் கல்லூரியில் 1786ஆம் ஆண்டு பட்டம் பெற்று, சட்டம் பயின்று, இளமையிலேயே அரசியலில் புகுந்தார். 1802இல் செனற் சபையில் அமர்ந்தார். மறு ஆண்டு அப்பதவியைத் துறந்து நியூயோர்க் நகர மேயரானார். 1815 வரை, இரு சிறு இடைவெளிகள் நீங்கலாக, அப்பதவி அவர் கையிலேயே இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி அளிக்க 1805இல் தோன்றிய சங்கத்திற்கு முதற் தலைவர் அவரே. 1812இல் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு மடிசனிடம் தோல்வியுற்றார்.

எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது பதவியன்று, ஒரு கால்வாய். ஈரி ஏரியையும் ஹட்சன் நதியையும் இணைத்துவிட்டால், உள்நாட்டுத் தானியமும் மரமும் நியூயோர்க் துறைமுகத்தை வந்தடையும். அங்கிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து உலகெங்கும் செல்லும் என அவர் கண்டார். இடையிலோ காடும் சதுப்பும். ஏரிக்கும் நதிக்குமுள்ள உயர வேற்றுமை ஐந்நூறு அடிக்கு மேல். மத்திய அரசாங்கம் உதவ மறுத்தது. எதிரிகள் அதனைக் கிளின்டனின் பள்ளம் என்று எள்ளி நகையாடினர். மாநிலம் தன் சொந்தப் பொறுப்பிற் கடன்பட்டு வேலையில் இறங்கியது. 1817 யூலை 1ஆந் திகதி கிளின்டன் கவர்னரானார். 4ஆந் திகதி முதல் மண் வெட்டப்பட்டது.

363 மைல் நீளம், 40 அடி அகலம், 4 அடி ஆழம், 83 நீரடைப்புகள். செலவு ஏறத்தாழ எழுபது இலட்சம் டொலர். தேர்ச்சி பெற்ற பொறியியலாளர் நாட்டில் அரிதாயிருந்தமையால், நில அளவை மட்டும் அறிந்தவர்கள் வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்றனர். சதுப்பு நிலங்களிலே கூலியாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். அப்பகுதியின் ஆதிக்குடிகளான இரோகுவா மக்கள் தம் நிலங்களை மேலும் இழக்க இக்கால்வாயும் காரணமாயிற்று. வெற்றியைப் போற்றும்போது இவர்கள் கொடுத்த விலையை மறத்தல் தகாது.

1825 ஒக்டோபர் 26ஆந் திகதி கிளின்டன் பவலோ நகரிலிருந்து படகேறினார். நவம்பர் 4ஆந் திகதி, கொண்டுவந்த ஈரி ஏரி நீரைக் கடலில் ஊற்றினார். ஒரு தொன் சரக்கைப் பவலோவிலிருந்து நியூயோர்க்கிற்குக் கொண்டுவர நூறு டொலர் சென்ற காலம் போய், பத்து டொலரே போதுமாயிற்று.

கிளின்டன் குறையற்ற மனிதரல்லர். செருக்குடையவர், கூரிய நாவால் பகையைத் தேடிக்கொண்டவர். 1824இல் எதிர்க்கட்சியினர் அவரைக் கால்வாய் ஆணைக்குழுவிலிருந்து நீக்கினர். ஊதியமின்றி உழைத்தவரை இவ்வாறு அவமதித்ததைக் கண்டு வெகுண்ட மக்கள், அவ்வாண்டே அவரை மீண்டும் கவர்னராகத் தெரிந்தெடுத்தனர்.

அவர் 1790இல் பிறீமேசனாகி, 1806 முதல் பல்லாண்டுகள் மாநிலத்து மேசன்களுக்குத் தலைமை வகித்தார். இச்சகோதரத்துவம் தன் சடங்குகளை இரகசியமாகப் பேணுவது. 1826இல் வில்லியம் மோர்கன் என்பவர் அவ்விரகசியங்களை நூலாக வெளியிட முற்பட்டார், சில மேசன்கள் அவரைக் கடத்திச் சென்றனர், அவர் திரும்பவேயில்லை. மாநிலமெங்கும் கொதிப்பு எழுந்தது. கவர்னரும் மேசன், குற்றஞ் சாட்டப்பட்டோரும் மேசன்கள். கிளின்டன் யாது செய்தார்? குற்றவாளிகளைப் பற்றித் துப்புத் தருவோருக்குப் பரிசளிப்பதாகப் பிரகடனங்கள் வெளியிட்டார். சங்கத்திற்குச் செய்த சத்தியம் பெரிது. நாட்டின் சட்டம் அதனினும் பெரிது என்பதை அவர் செயல் உணர்த்தியது. ஆயினும் மேசன்களுக்கு எதிரான இயக்கம் ஓங்கி, தனியொரு கட்சியாகவே வளர்ந்தது.

1828 பெப்ரவரி 11ஆந் திகதி, கவர்னராக இருக்கையிலேயே, அல்பனி நகரில் அவர் திடீரென மறைந்தார். வயது 58. மாநிலத்தைச் செல்வத்திற் கொழிக்கச் செய்தவர் விட்டுச்சென்றது கடன்! வீட்டுப் பொருள்கள் ஏலத்திற்கு வந்தன. சட்டசபை அவர் பிள்ளைகளுக்குப் பத்தாயிரம் டொலர் வழங்கியது. சொந்தமாக ஒரு புதைகுழியும் இல்லாமையால், வேறொரு குடும்பத்தின் கல்லறையிலே அவர் உடல் வைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் அது அங்கேயே இரவற் குடியிருந்தது.

1844ஆம் ஆண்டிலேதான் அவ்வுடல் கிறீன்வூட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் ஹென்றி கேர்க் பிறவுண் என்னும் சிற்பி வெண்கலச் சிலையை வடித்தார். 1853இல் நகர மண்டபத்தருகே மக்கள் காண வைக்கப்பட்டு, அது மயானத்தை அடைந்தது. பீடத்திலுள்ள சிற்பத் தகடுகளிலே கால்வாயின் காட்சிகளைக் காணலாம். தலைவரின் உருவத்தின் கீழ் மண் வெட்டிய தொழிலாளருக்கும் இடமளித்தமை மிகப் பொருத்தமே.

அன்பர்களே! சிலை வேண்டி உழைத்தவர் அல்லர் கிளின்டன். நகைப்புக்கு அஞ்சி அவர் பின்வாங்கியிருப்பின் கால்வாய் தோன்றியிராது. சங்கப் பற்றுக்கு அஞ்சி மௌனம் சாதித்திருப்பின் அவர் புகழில் மறு விழுந்திருக்கும். பொதுப்பணியில் இறங்கும் வாலிபர் இவ்விரு துணிவையும் பெறுவாராக. பொதுப்பணியாளரின் பயனை நுகரும் நாமோ, அவர் கண்மூடிப் பல்லாண்டு கழியும்வரை காத்திராது, உயிரோடிருக்கும்போதே அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றி செலுத்தக் கற்றுக்கொள்வோமாக.