உம்மென்று முனகும் இரும்பும் ஜேம்ஸ் ஜூலும்



ஜூல் என்றதும் நமக்கெல்லாம் ஒரு அலகுதான் ஞாபகம் வரும். கணக்கின் விடைக்குப் பின்னால் அதைப் போட மறந்தால் அரை மார்க் போச்சு! ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும், அவர் எந்தக் காலேஜ் வாசலையும் மாணவனாக மிதித்தவர் இல்லை என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கௌரவப் பட்டங்கள் பிற்காலத்தில் அவரைத் தேடி வந்தன. படித்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. டிப்ளமோதானே என்று சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கும்போது, இவரை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு நகரில் பிறந்தார். அப்பா பெரிய பீர் ஆலை முதலாளி. வீட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை, உடம்பில்தான் தெம்பில்லை. முதுகெலும்பில் கோளாறு, கூச்ச சுபாவம் வேறு. அதனால் படிப்பெல்லாம் வீட்டோடு. 1834-ல் அவரையும் அண்ணனையும் கணக்குப் படிக்க ஒரு வாத்தியாரிடம் அனுப்பினார்கள். அந்த வாத்தியார் யார் தெரியுமா? அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன்! டியூஷன் என்றால் இதல்லவா டியூஷன்! 1837-ல் டால்டனுக்குப் பக்கவாதம் வந்ததும் அது நின்றுபோனது.

பையனுக்கு மின்சாரத்தின் மேல் ஒரே பைத்தியம். அண்ணனுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஷாக் கொடுத்துப் பார்ப்பதுதான் ஆரம்பப் பரிசோதனை. (நம்ம ஹாஸ்டலில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!) பிறகு பீர் ஆலையில் வேலை. பீர் காய்ச்சுவது சும்மா இல்லை, சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சரக்கு கெட்டுப்போகும். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், பின்னாளில் பெரிய பேராசிரியர்களே நம்ப மறுத்த நுணுக்கத்தில் அளந்தது.

இருபது வயதுக்குள் அவர் போட்ட கணக்கு ஒரு வியாபாரியின் கணக்கு. ஆலையின் நீராவி எஞ்சினுக்குப் பதிலாக பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்தால் காசு மிச்சமாகுமா? மோட்டார் செய்தார், அளந்தார். பேட்டரியில் கரைகிற ஒரு பவுண்டு துத்தநாகத்தைவிட எஞ்சினில் எரிகிற ஒரு பவுண்டு நிலக்கரி ஐந்து மடங்கு வேலை செய்கிறது என்று தெரிந்தது. துத்தநாகமோ நிலக்கரியைவிடப் பன்மடங்கு விலை. திட்டம் அம்போ! ஆனால் அந்த அளவெடுப்பில்தான், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கியதற்கு ஏற்ப இருக்கும் என்ற விதி 1840-ல் கிடைத்தது. ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அவர்கள் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

இனி, பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1841-ல் மான்செஸ்டர் மெஷினிஸ்ட் ஒருவர் ஜூலிடம் ஒரு யோசனை சொன்னார். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் அளவு மாறுமா என்று பார்க்கலாமே என்பது அந்த யோசனை. 1837-லேயே அமெரிக்காவில் பேஜ் என்பவர் காந்தத்தின் அருகே மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது ஒரு ஓசை வருவதைக் கேட்டிருந்தார். ஜூல் அளந்தார். இரும்புத் தண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள், தண்டின் நுனியில் அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் நெம்புகோல்கள். மின்சாரம் பாய்ந்ததும் தண்டு நீண்டது! எவ்வளவு? தன் நீளத்தில் ஏறக்குறைய 7,20,000-ல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தண்டு என்றால் நம் தலைமுடி தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குதான். அடுத்து, மொத்தப் பருமனே கூடுகிறதா என்ற சந்தேகம். தண்டைத் தண்ணீர் நிறைந்த குழாய்க்குள் வைத்து, மேலே ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்தார். தண்ணீர் மட்டம் அசையவில்லை. அப்படியென்றால் நீளம் கூடும்போது குறுக்கே இளைக்கிறது என்று அர்த்தம். 1842 பிப்ரவரியில் மான்செஸ்டரில் இதைப் பற்றி உரையாற்றினார், 1847-ல் இன்னும் விரிவாக எழுதினார். இதற்குத்தான் மேக்னெட்டோஸ்ட்ரிக்ஷன் என்று பெயர்.

இதனால் என்ன பிரயோஜனம் என்கிறீர்களா? வீடுகளில் திருட்டு அலாரம் பெட்டி மாட்டியிருக்கிறார்களே, ராத்திரி ஊர் அடங்கியதும் அதன் பக்கம் காதை வையுங்கள். உம்மென்று ஒரு முனகல். உள்ளே இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் கோர், ஜூலின் தண்டு மாதிரியே நீண்டு சுருங்குகிறது. காந்தம் எந்தத் திசையில் ஏறினாலும் மாற்றம் ஒரே மாதிரிதான் என்பதால், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நொடிக்கு 100 தடவை. நம் காதுக்கு வருவது அந்த 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்.

லேசான முனகல் இயற்கை. வீட்டுக்காரர் தூக்கம் கெடுகிற அளவுக்குப் போனால்தான் நமக்கு வேலை. ஒரு எச்சரிக்கை: மூடியைத் திறந்தாலே சைரன் அலறும்படி சுவிட்ச் வைத்திருப்பார்கள். உள்ளே பேட்டரியும் இருப்பதால் மெயினை அணைத்தாலும் அது அடங்காது. ஆகவே முதலில் பேனலை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து, மெயினை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலும் கோளாறு ஸ்டாம்பிங் தகடுகளை இறுக்கும் போல்ட்டு தளர்ந்திருப்பதுதான். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரை மெல்லிய தகரப் பெட்டியில் நேராக முடுக்கியிருப்பார்கள். பெட்டி வீணைக் குடம் மாதிரி சத்தத்தைப் பெருக்கும். போல்ட்டை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தால் பாதி அடங்கும். தகடுகளுக்கிடையில் வார்னிஷ் காய்ந்து விட்டுப்போயிருந்தால் மறுபடி வார்னிஷில் முக்கிச் சூட்டில் உலர்த்த வேண்டும்.

அப்படியும் அடங்கவில்லையா? செகண்டரி வயர்களைக் கழற்றி, நுனிகள் தொடாமல் காப்பிட்டு, மெயினை மட்டும் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இறங்கினால் குற்றம் சுமையின் மேல். செத்த பேட்டரி கரண்டை உறிஞ்சலாம். பிரிட்ஜில் ஒரு டயோடு ஷார்ட்டாகியிருக்கலாம், அல்லது ஓப்பனாகி ஒரு பக்க அரை அலை மட்டும் போய், கோர் ஒரு திசையில் நிரம்பி முரளலாம். சுமையே இல்லாமலும் முனகி, கூடவே கை வைக்க முடியாமல் சுட்டால் வைண்டிங்கில் சுற்றுகள் ஒட்டிவிட்டன, மாற்றுவது ஒன்றே வழி. அந்தச் சூடும் ஜூல் சொன்ன வர்க்க விதிதான். ஒரே பெட்டிக்குள் சத்தத்துக்கும் அவர், சூட்டுக்கும் அவர்!

சரி, கதைக்கு வருவோம். வெப்பம் ஒரு பொருள் அல்ல, செய்த வேலைதான் வெப்பமாக மாறுகிறது என்று ஜூல் உறுதியாக நம்பினார். 1843-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் எண்ணோடு சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. 1845-ல் துடுப்புச் சக்கரப் பரிசோதனையோடு வந்தார். பலன் அதேதான். 1847-ல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்திலோ, தலைவர் நேரமில்லை, சுருக்கமாக முடியுங்கள் என்கிற ரீதியில் சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்திருக்கும், விஷயமும் அமுங்கியிருக்கும். ஆனால் அங்கிருந்த 23 வயது வில்லியம் தாம்சன் (பிற்காலத்தில் கெல்வின் பிரபு) அதைக் கேட்டு உட்கார முடியாமல் போனார். முழுசாக ஒப்புக்கொள்ள அவருக்கும் சில வருடங்கள் பிடித்தன, ஆனாலும் அன்றுமுதல் ஜூல் தனியாள் இல்லை. பின்னாளில் இருவர் பெயரிலும் ஜூல்-தாம்சன் விளைவு வந்தது.

அந்தப் பரிசோதனையின் கஷ்டத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். சுமார் 29 பவுண்டு எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள் ஐந்தடிக்கு மேல் இறங்கித் துடுப்பைச் சுழற்றும். மறுபடி ஏற்றி இறக்க வேண்டும், இப்படி இருபது தடவை. இவ்வளவுக்கும் தண்ணீரில் ஏறும் சூடு அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சற்றே மேல்! மான்செஸ்டர் கருவி வல்லுநர் டான்சர் செய்துகொடுத்த தெர்மாமீட்டரில் ஒரு டிகிரியின் இருநூறில் ஒரு பங்கைப் பிரித்துப் படித்தார் பீர் ஆலைக்காரர். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை என்று 1850-ல் ராயல் சொசைட்டியே அச்சிட்டது. அதே ஆண்டு அவரை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. இன்றைய மதிப்பு சுமார் 778. நம்ம லேபில் இந்த அளவு பிழைக்கு முழு மார்க் கிடைக்கும்!

சொந்த வாழ்க்கையில் சுகம் நீடிக்கவில்லை. 1847-ல் அமீலியாவை மணந்தார். 1854-ல் அவர் இறந்துபோனார். ஒரு மகனும் ஒரு மகளும் மிஞ்சினார்கள். அதே ஆண்டு ஆலையும் விற்கப்பட்டது. 1870-ல் காப்ளி பதக்கம் வந்தது. பணம் கரைந்து, 1878 முதல் அரசு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தது. அந்த வயதிலும் துடுப்புச் சக்கரத்தை விடவில்லை, மறுபடி அளந்து 772.55 என்று வெளியிட்டார்.

1889-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ஆற்றலின் அலகுக்கு ஜூல் என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று சேல் என்ற ஊரில் அவர் காலமானார். மான்செஸ்டர் நகர மன்றத்தின் வாசலில் அவர் சிலையும் அவருடைய வாத்தியார் டால்டன் சிலையும் எதிரெதிரே இருக்கின்றன. புரூக்லேண்ட்ஸ் கல்லறையில் அவர் பெயரோடு கல்லில் ஒரு எண்ணும் செதுக்கப்பட்டிருக்கிறது: 772.55.