முப்பது வயதுக்குக் குறித்து வைத்த வாக்கு

நம் பழைய மாணவர்கள் கூடுகிற நாளில் யாரைப் பார்த்தாலும், எப்படி இருக்கீங்க என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நேரமே இல்லைங்க! இப்போது படிக்கிற தம்பி தங்கைகளிடம், அடுத்து என்ன செய்யப் போறீங்க என்று கேட்டால் வேறொரு பதில் வரும். முதல்ல படிப்பு முடியட்டும், கர்த்தர் எந்த வழி காட்டுறாரோ பார்த்துக்கலாம். அழைப்பு என்று ஒன்று வானத்திலிருந்து வரும், அதுவரை காத்திருக்கலாம் என்று ஒரு சாரார். வந்தால்கூடச் செய்ய நேரம் ஏது என்று இன்னொரு சாரார். இந்த இரண்டு சாராருக்கும் பொதுவாகச் சொல்ல ஒருவருடைய வாழ்க்கை இருக்கிறது. அவர் டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சர்.

1875 ஜனவரி 14 அன்று, அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸ் பகுதியில் கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ஒரு போதகர். பிறந்த சில மாதங்களிலேயே குடும்பம் குன்ஸ்பாக் கிராமத்துக்கு மாறியது. ஒன்பது வயதிலேயே கோயில் ஆராதனையில் ஆர்கன் வாசித்த பிள்ளை. ஆனால் அவர் மனதில் நின்ற நிகழ்ச்சி வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனோடு விளையாட்டாக மல்லுக்கு நின்று அவனைக் கீழே தள்ளிவிட்டார். கீழே கிடந்த பையன், உன்னை மாதிரி எனக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை சூப் கிடைத்தால் நானும் ஜெயிப்பேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் சூப் வைத்தாலே அவருக்குக் குமட்டும். ஏழைப் பிள்ளைகளிடம் இல்லாத மேல்கோட்டைத் தானும் போடமாட்டேன் என்று அடம்பிடித்து அப்பாவிடம் அடியும் வாங்கினார். எனக்குக் கிடைத்தது அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அந்த வயதிலேயே உள்ளே இறங்கிவிட்டது.

1893-இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இறையியலும் தத்துவமும் பாடம், ஆர்கன் இசை உயிர். 1896-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் காலையில் கண் விழித்தார். வெளியே நல்ல வெயில், பறவைகளின் சத்தம். இவ்வளவு சந்தோஷத்தையும் சும்மா வாங்கிக்கொண்டே போகலாமா என்று மனசு கேட்டது. எழுந்திருக்கும் முன்பே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். முப்பது வயது வரை படிப்புக்கும் இசைக்கும். அதற்குப் பிறகு மனிதருக்கு நேரடியாகச் செய்கிற சேவைக்கு. ஜீவனை இழப்பதும் காப்பதும் பற்றி இயேசு சொன்னதன் அர்த்தம் அன்று தனக்கு விளங்கியது என்று பிற்காலத்தில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்ன சேவை, எந்த ஊர், யார் அனுப்புவார்கள் என்று அவருக்கு எதுவும் தெரியாது. தரிசனமும் இல்லை, குரலும் இல்லை. தெரிந்தது தேதி மட்டும்தான்! ஆனால் மீதி ஒன்பது வருஷத்தையும் அவர் ஏனோதானோ என்று கழிக்கவில்லை. 1899-இல் தத்துவத்தில் டாக்டர் பட்டம். அடுத்த ஆண்டு இறையியல் பட்டம். புனித நிக்கொலாஸ் கோயிலில் பிரசங்கி, பிறகு இறையியல் மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளர். பாஹ் என்னும் இசைமேதையைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய பெரிய புத்தகம் 1905-இல் வெளிவந்தது. இதற்கு நடுவே அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கலாம் என்று முயன்று பார்த்தார். இடம் கிடைக்கவில்லை. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு உதவிப் பார்த்தார். இதுதானா என்று தெரியவில்லை. கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

1904-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒருநாள், பாரிஸ் மிஷனெரி சங்கத்தின் பத்திரிகை ஒன்று அவர் மேஜைமேல் கிடந்தது. ஆப்பிரிக்காவில் காபோன் பகுதிக்கு ஊழியர்கள் போதவில்லை என்று ஒரு கட்டுரை. அதைப் படித்து முடித்தார். தேடல் முடிந்தது. ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யாமல், அன்று செய்ய வேண்டிய வேலையைத் தொடர்ந்து செய்தார். அழைப்பு வந்த விதம் இவ்வளவுதான்.

1905 அக்டோபர் 13 அன்று பாரிஸ் நகரில் சில கடிதங்களைத் தபால் பெட்டியில் போட்டார். ஆப்பிரிக்காவுக்கு டாக்டராகப் போவதற்கு மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் எழுதியவை. வீட்டிலும் வெளியிலும் ஒரே எதிர்ப்பு. இவ்வளவு திறமையைக் காட்டில் கொண்டுபோய்ப் புதைப்பதா? இங்கிருந்தே பணம் திரட்டி அனுப்பினால் ஆகாதா? மருத்துவக் கல்லூரி டீன்கூட இவரை மனநல மருத்துவரிடம் அனுப்பலாமா என்று நினைத்தாராம். முப்பது வயசில் மறுபடி முதலாம் ஆண்டு மாணவன் என்றால் சும்மாவா! பாடம் நடத்திக்கொண்டும், பிரசங்கம் செய்துகொண்டும், ஆர்கன் கச்சேரி வாசித்துக்கொண்டும் படித்தார். களைப்போடு போராடிய வருஷங்கள் அவை. 1911-இல் இறுதித் தேர்வுக் கட்டணத்தைக்கூட ஒரு கச்சேரியில் வாசித்துத்தான் சம்பாதித்தார்.

அதற்குப் பிறகும் கதவு லேசில் திறக்கவில்லை. அவருடைய இறையியல் கருத்துகள் மிஷனெரி சங்கத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பிரசங்கிக்க மாட்டேன், வைத்தியம் மட்டும் பார்ப்பேன் என்று ஒப்புக்கொண்டார். மருத்துவமனைக்கு வேண்டிய பணத்தை நண்பர்களிடமும் கச்சேரிகளிலும் தாமே திரட்டினார். 1912-இல் ஹெலன் பிரெஸ்லாவை மணந்தார். அந்த அம்மாள் இந்த வேலைக்காகவே நர்சு பயிற்சி பெற்றவர். 1913 பெரிய வெள்ளிக்கிழமை குன்ஸ்பாக்கிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் மாதம் ஓகோவே நதிக்கரையில் லம்பரேனே போய்ச் சேர்ந்தார்கள். முதல் சிகிச்சை அறை ஒரு பழைய கோழிக்கொட்டகை. முதல் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 2,000 நோயாளிகள்.

மூன்று காரியங்களை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அவர் நினைத்தார்: ஆர்கன், கல்லூரிப் பணி, சொந்த வருமானம். மூன்றும் வேறு வழியில் திரும்பி வந்தன. பாரிஸ் பாஹ் சங்கம் கொடுத்த, காலால் வாசிக்கும் கட்டைகளும் பொருத்திய பியானோவில் தினமும் மாலையில் பயிற்சி செய்தார். பிற்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் பேச அழைத்தன. புத்தகங்களும் கச்சேரிகளும் மருத்துவமனைக்குச் சோறு போட்டன. ஆபிரகாம் ஈசாக்கைத் திரும்பப் பெற்றதோடு இதை அவர் ஒப்பிட்டார். எழுத்தையும் விடவில்லை. 1930-களில் இந்தியச் சிந்தனை பற்றி எழுதிய நூலில் நம் திருக்குறளை மிக உயர்வாகப் பேசியிருக்கிறார்.

ஆனால் எல்லாம் திரும்பி வந்தது என்று முடித்துவிட்டால் அது பாதிக் கதைதான். முதல் உலகப் போரில், பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டில் ஜெர்மன் பிரஜைகள் என்று இருவரும் காவலில் வைக்கப்பட்டார்கள். 1917-இல் பிரான்சு முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஹெலன் அம்மாளின் உடல்நலம் கெட்டது. 1919-இல், தகப்பனாரின் பிறந்த நாளிலேயே, மகள் ரேனா பிறந்தாள். 1924-இல் ஷ்வைட்சர் மறுபடி லம்பரேனே போனபோது மனைவியும் ஐந்து வயதுக் குழந்தையும் ஐரோப்பாவில் தங்கிவிட்டார்கள். வருஷக்கணக்கான பிரிவு. அவருடைய அழைப்புக்கு அந்த இருவரும் சேர்ந்துதான் விலை கொடுத்தார்கள். அந்த மகளே பின்னாளில் லம்பரேனேயில் வேலை செய்து, 1965-இல் மருத்துவமனைப் பொறுப்பையும் ஏற்றார் என்பது ஓர் ஆறுதல்.

திரும்பிப் போனபோது அவருக்கு 49 வயது. பழைய கட்டடங்கள் காடு மூடிக் கிடந்தன. மறுபடி ஆரம்பித்தார். 1927-இல் நதியோரத்திலேயே வேறிடத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1952-ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசுப் பணம் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குப் போயிற்று. ஆப்பிரிக்க மக்களைச் சமமாக நடத்தாமல் மூத்த அண்ணன்போல நடந்துகொண்டார் என்றும், மருத்துவமனையைக் காலத்துக்கேற்ப மாற்றவில்லை என்றும் குறை சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அவர் தேவதூதர் அல்ல, மனிதர்தான். 1965 செப்டம்பர் 4 அன்று லம்பரேனேயிலேயே காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தம்பி தங்கைகளே, எங்கே அழைப்பு என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு தேதியைக் குறித்து வையுங்கள், அதுவரை கையிலிருக்கிற படிப்பை முழு மனசோடு செய்யுங்கள். அவர் ஆர்கனில் தேடிய தேர்ச்சிதான் பிறகு மருந்து வாங்கிக் கொடுத்தது. நம் வயதுக்காரர்களே, முப்பது எப்பவோ தாண்டிப்போச்சு என்கிறீர்களா? ஐம்பதை நெருங்கும்போது காட்டை வெட்டி மறுபடி தொடங்கினார் அவர். எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்தால் மற்றவை தங்கள் இடத்துக்குத் தானே வந்து சேரும். ஆனால் முடிவெடுக்கும் முன் வீட்டில் இருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்த நேரம் அவர்களுடையதும்தானே. இன்று வீட்டுக்குப் போனதும் காலண்டரை எடுங்கள். ஒரே ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் சந்திக்கும்போது, நேரம் இருக்கா என்று கேட்க மாட்டேன். அந்த வட்டம் என்னாச்சு என்றுதான் கேட்பேன்.