பிராமா என்னும் பிரம்மா



ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் பிராமா பிரஸ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டபோது, பின் பெஞ்சில் இருந்த நாங்கள் நாலு பேரும் அது நம்ம பிரம்மாவின் பிரஸ்ஸாக்கும் என்று சொல்லிச் சிரித்தோம். பாஸ்கல் விதி, பிளஞ்சர், ராம், ஒரு படம். பரீட்சை முடிந்ததும் மறந்தாச்சு. அந்த மனிதர் மறுபடி வந்து என் தூக்கத்தைக் கெடுப்பார் என்று அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். என் மாமா மரப்பட்டறை வைத்திருக்கிறார். அங்கே பழைய இழைப்பு மிஷின் ஒன்று. சுற்றும் உருளையில் மூன்று நீளக் கத்திகள். பலகையைத் தள்ளினால் கத்தி முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும். சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ரேகை மாறி ஓடுகிற வேப்பமரம் என்றால் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்து வரும். கத்தி மழுங்கினால் மூன்றையும் கழற்றிச் சாணை பிடித்து, பின்மேசை மட்டத்துக்குச் சரியாகத் திரும்பப் பொருத்த வேண்டும். அதைச் செய்ய எங்கள் மேஸ்திரி ஒருத்தரால்தான் முடியும். நேரான மரச்சட்டம் ஒன்றைப் பின்மேசையில் வைத்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்பி, மூன்று கத்தியும் சட்டத்தை ஒரே அளவு நகர்த்துகிறதா என்று பார்ப்பார். அரைநாள் வேலை.

போன கோடை விடுமுறையில் நான்தான் மாமாவிடம் ஸ்பைரல் உருளை போடச் சொல்லி நச்சரித்தேன். அதில் நீளக் கத்தியே கிடையாது. சதுரமான சின்னச் சின்ன கார்பைடு பற்கள் சுருள் வரிசையில் உருளையைச் சுற்றிப் பதிந்திருக்கும். ஒரு சமயத்தில் ஒரு சில பற்கள்தான் மரத்தைத் தொடும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும். ஒரு முனை மழுங்கினால் திருகைத் தளர்த்தி, பல் உட்காரும் இடத்தைத் தூசி இல்லாமல் துடைத்து, பல்லைக் கால்வட்டம் திருப்பி, டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்கினால் போதும். நாலு பக்கமும் தேயும்வரை கவலை இல்லை. நானும் மேஸ்திரியுமாக மெயின் ஸ்விட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, பழைய உருளையை எடுத்துப் புதியதை மாட்டினோம். சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. அதே வேப்பம்பலகை வழவழவென்று வந்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த மாதம் மேஸ்திரி சம்பளம் கூட்டிக் கேட்டார். கத்தி பிடிக்கிற வேலைதான் இப்போது இல்லையே என்று நினைத்த மாமா மறுத்துவிட்டார். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. உளிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் நம் கல்லூரி நூலகத்தில் இழைப்பு மிஷினின் வரலாற்றைத் தேடினேன். அங்கே நின்றிருந்தார் நம்ம பிராமா.

ஜோசப் பிராமா 1748 ஏப்ரல் 13-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பார்ன்ஸ்லி அருகே ஸ்டெயின்பரோ கிராமத்தில் பிறந்தவர். அப்பா சாதாரண விவசாயி. மகனும் ஏர் பிடிக்க வேண்டியவர்தான். பதினாறு வயதில் கணுக்காலில் பட்ட அடி அவரை நொண்டியாக்கியது. வயலுக்கு ஆகாத பையன் என்று தச்சரிடம் தொழில் பழக விட்டார்கள். தொழில் கற்றதும் அந்தக் காலோடு லண்டனுக்கு நடந்தே போனாராம்! நாம் பஸ் ஸ்டிரைக் என்றால் வகுப்புக்கு மட்டம் போடுகிறோம்.

லண்டனில் மேசை, அலமாரி செய்து பிழைத்தார். வீடுகளில் கழிப்பறை பொருத்தப் போன இடத்தில் அதன் குறைகளைக் கவனித்து, மேம்பட்ட கழிப்பறைக்கு 1778-ல் காப்புரிமை வாங்கினார். கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் கை அழுக்கானால்தான் மூளை வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1784-ல் பூட்டு. 1790-ல் பிக்கடில்லி கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவியில்லாமல் திறக்கிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிப் போட்டார். அவர் உயிரோடு இருந்தவரை யாராலும் திறக்க முடியவில்லை. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ்தான் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது.

1795-ல் நம் பாடத்தில் வரும் பிரஸ். பெரிய ராமின் பரப்பு சின்ன பிளஞ்சரைப்போல் 100 மடங்கு என்றால் விசையும் 100 மடங்கு. தத்துவம் பாஸ்கல் சொன்னது. அதைத் தண்ணீர் கசியாமல் ஓடும் இயந்திரமாக்கியது பிராமாவின் பட்டறை.

1802-ல்தான் என் கதைக்கு வேண்டிய காப்புரிமை: மரம் இழைக்கும் இயந்திரம். வுல்விச் ஆயுதச்சாலையில் நிறுவப்பட்டது. செங்குத்தான தண்டின் அடியில் பெரிய சக்கரம். சக்கரத்தின் ஓரத்தைச் சுற்றி 28 குழியுளிகள், பின்னாலேயே இழைப்புளி அலகு. மரம் கீழே நகரும். உளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நீளக் கத்தி ஒரே அடியாக அடிப்பதைவிட, பல சின்னக் கத்திகள் முறைபோட்டுக் கடிப்பது என்கிற யோசனை அங்கேயே இருக்கிறதே! மாமா பட்டறையில் நான் மாட்டியது புத்தம் புதுசு என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அதன் பாட்டன் 200 வருஷத்துக்கு முன்பே ஓடியிருக்கிறான்.

ஆனால் இதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்த ஒன்றில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பூட்டின் பாகங்களைத் துல்லியமாகச் செய்ய ஆள் தேடிய பிராமா, 1789-ல் பதினெட்டு வயது ஹென்றி மாட்ஸ்லேயைச் சேர்த்தார். பையன் சீக்கிரமே ஃபோர்மன் ஆனான். பூட்டு செய்யும் மிஷின்களை உருவாக்கினான். பிரஸ்ஸில் தண்ணீர் கசியாமல் தடுத்த தோல் வளையம்கூட அவனுடைய யோசனை என்பார்கள். 1797-ல், குடும்பம் பெருகிய நிலையில், வாரச் சம்பளம் 30 ஷில்லிங்குக்கு மேல் கேட்டான். பிராமா மறுத்தார். மாட்ஸ்லே வெளியேறி, தானே பட்டறை வைத்தார். போர்ட்ஸ்மவுத் கப்பல் துறைக்கு அவர் செய்து கொடுத்த மிஷின்களில், 110 பேர் செய்த கப்பித் தயாரிப்பைப் 10 பேர் செய்தார்கள். நாம் படிக்கும் விட்வொர்த் மரைக்குப் பெயர் தந்த விட்வொர்த்தும், நீராவிச் சம்மட்டி தந்த நாஸ்மித்தும் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். சில ஷில்லிங்கைப் பார்த்த பிராமா எதை இழந்தார், பாருங்கள்! எவராலும் திறக்க முடியாத பூட்டைச் செய்தவருக்கு, பக்கத்தில் நின்றவனின் மனசைத் திறக்கத் தெரியவில்லை.

ஆனாலும் அவரைக் குறைசொல்லி முடிக்க மனம் வரவில்லை. கடைசிவரை களத்தில் நின்றவர் அவர். ஹோல்ட் காட்டில் தன் பிரஸ்ஸைக் கொண்டு மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை நேரில் நின்று பார்த்தபோது குளிர் தாக்கி, 1814 டிசம்பர் 9-ல் 66 வயதில் இறந்தார். மரத்தில் தொடங்கிய வாழ்க்கை மரத்தடியிலேயே முடிந்தது.

இந்தக் கதையை மாமாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அறிவுரையாகச் சொல்லவில்லை, கதையாகத்தான் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனார். கேட்டதைவிடக் கூடவே தருவதாகச் சொன்னார். மேஸ்திரி காபி கொடுத்து உபசரித்தார். வேறு பட்டறையில் ஒப்புக்கொண்ட வேலை இருக்கிறது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். இதை எழுதும்வரை வரவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் மாட்ஸ்லேயாக நின்று சம்பளம் கேட்போம். சிலர் பிராமாவாக முதலாளி நாற்காலியில் உட்காருவோம். உளியை மாற்றுவது சுலபம், அரைநாள் வேலை. உளி பிடித்த கையைத் திரும்பக் கூப்பிடுவது அப்படியல்ல. கத்தி பிடிக்கிற வேலை போனாலும், எந்த மரம் எந்தப் பக்கம் சீவினால் பெயராது என்று பலகையைத் தடவியே சொல்கிற கை அது. அதற்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காது.

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை