பிள்ளையவர்களும் ஆசிரியத் தொழிலும்

மாதச் சம்பளம் பெற்றுத் தமிழ் கற்பிக்கும் எம்போன்றார்க்குத் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வாழ்க்கை வியப்பையும் நாணத்தையும் ஒருங்கே தருவதாம்.

அவர்கள் 1815-இல் பிறந்தார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை கிராமத்துச் சிறுவர்க்குக் கல்வி கற்பித்து, ஊரார் அளித்தவற்றால் குடும்பம் நடத்தியவர். பிள்ளையவர்களுக்குப் பதினைந்து வயது நிகழுங்கால் அவர் சிவபதமடைந்தார். மணமும் ஆகியிருந்த அவ்விளைஞர் திரிசிரபுரம் சென்று, யார் யாரிடம் எந்நூல் உண்டோ அவரவரை அடுத்துக் கற்றனர். அன்னம் இரந்துண்ட ஒரு பரதேசியிடம் தண்டியலங்காரம் இருப்பதறிந்து, அவர் செல்லும் தெருவெல்லாம் உடன்சென்று பாடங்கேட்டனர்.

கற்றுக்கொண்டே கற்பிக்கவும் தொடங்கினர். மாணாக்கரிடம் பொருள் பெறுவதில்லை. வறியவர்க்கு உணவும் தாமே அளிப்பார்கள். அங்ஙனமாயின் பொருள் எவ்வாறு வந்ததெனின், கூறுவேம். தத்தம் ஊர்க்குத் தலபுராணம் வேண்டுமென விரும்பிய பெருமக்கள் பிள்ளையவர்களை வேண்டுவர். நூல் முற்றியபின் கோயிலில் அரங்கேற்றம் நிகழும், சம்மானம் வழங்கப்படும். உறையூர், குடந்தை, நாகைக்காரோணம் முதலிய தலங்களின் புராணங்கள் இவ்வாறெழுந்தவை. கற்பித்தலுக்கு வேண்டிய செலவைக் கவித்துவம் ஈட்டித் தந்தது.

செல்வரை அண்டி வாழும் வாழ்க்கைக்கு ஒரு விலையும் உண்டு. பெங்களூர்த் தேவராச பிள்ளை இவர்களிடம் பாடங்கேட்டுப் பெரிதும் உபகரித்தவர். குசேலோபாக்கியானம் என்னும் இனிய நூல் அவர் பெயராலேயே வெளிவந்தது. பிள்ளையவர்கள் அதனை மகிழ்ந்தே ஈந்தார்கள் என்பர். எமக்கோ அம்மகிழ்ச்சியில் உடன்பட மனம் வருவதில்லை.

1860-இல் மாயூரத்திற் குடியேறித் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாய் விளங்கினார்கள். சாதி சமயம் வினவிக் கற்பித்தாரல்லர். நாகூர்க் குலாம்காதிறு நாவலரும், கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும், 1871-இல் வந்துசேர்ந்த சாமிநாதையரும் அவர்கள் மாணாக்கரே. நம் சங்கத்தார் அவர்களை நம்மவர் என்று பெருமை பேசுங்கால் இதனையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இத்தனை புகழிருந்தும் கடன் அவர்களை விட்டு நீங்கவில்லை. கடன் தீரும் என்னும் நம்பிக்கையால் முதுமையிலும் திருப்பெருந்துறைக்குச் சென்று புராணம் பாடினார்கள். 1876 பிப்ரவரி முதல் நாள் சிவபதமடைந்தபொழுதும் கடன் எஞ்சியே நின்றது.

அவர்கள் மாணாக்கராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராய்ச் சம்பளத்துடன் அமர்ந்திருந்தனர். 1880-இல் அவர் விலகியபொழுது அவ்விடம் சாமிநாதையருக்குக் கிடைத்தது.