கலைவாணரின் கிந்தனார்

நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டும் நாடகமும் அவரை வளர்த்தன. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைத் தழுவி, கிந்தனார் என்னும் காலட்சேபத்தை அவர் மேடைகளில் நிகழ்த்தினார். நந்தன் தில்லையைக் காணத் தவித்தான். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த கிந்தனோ கல்வி கற்கத் தவிக்கிறான். தொடர்வண்டியேறிப் பட்டணம் சென்று பயின்று, பள்ளி ஆய்வாளராகத் தன் ஊருக்கே திரும்புகிறான். ஒரு கதைசொல்லியும் சில பக்கவாத்தியங்களும் கொண்டு நிகழ்ந்த இக்கலையை, 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் கலைவாணர் இணைத்தார். சிற்றவைக்குரிய இசைக்கதை திரையரங்குகள்தோறும் ஒலித்தது. 1957இல் அவர் மறைந்தார். நந்தன் தில்லையில் சோதியில் கலந்தான்; கிந்தன் படித்து ஊரில் நிமிர்ந்து நின்றான். இம்மாற்றமே கலைவாணர் தம் மக்களுக்கு விட்டுச்சென்ற செல்வம்.