அளவறிந்த வைத்தியர்

ரணசிகிச்சை வெற்றி பெற்றால் கத்தி பிடித்த கைக்கே புகழ் சேருகிறது. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, மயக்க மருந்தை அளந்து கொடுத்து, நாடியையும் சுவாசத்தையும் காத்தவரை எவரும் நினைப்பதில்லை. அப்பணியை ஒரு சாஸ்திரமாக உயர்த்திய டாக்டர் ஜான் ஸ்நோவின் சரிதத்தை நேயர்களுக்கு இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

1813-ஆம் வருஷம் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில், ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாக அவர் பிறந்தார். 14-வது வயதில் நியூகாஸிலில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னர் லண்டனை அடைந்து, படித்துப் பட்டம் பெற்றார்.

1846-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியின் உதவியால் வலியின்றி ரணசிகிச்சை நடந்தது. அவ்வருஷ இறுதிக்குள் அம்முறை லண்டனுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றொருவருக்குப் பலிக்கவில்லை. பலர் மருந்தின்மீது ஐயங்கொண்டனர். ஸ்நோ கொடுக்கும் முறையை ஆராய்ந்தார். வெப்பம் ஏற ஏற ஆவி மிகுதியாய்க் கலக்கும் என்பதையறிந்து, நீரால் சூட்டைச் சமப்படுத்தும் கருவியொன்றை 1847-இல் அமைத்தார். மயக்கத்தின் படிகளை ஐந்தாக வகுத்து ஒரு நூலும் வெளியிட்டார்.

அவ்வருஷமே எடின்பரோவில் சிம்ஸன் குளோரோபாரத்தைக் கையாண்டார். ஒரு கைக்குட்டையில் தெளித்து முகரச் செய்தால் போதும் என்ற எளிமை எல்லோரையும் கவர்ந்தது. 1848 ஜனவரியில் நியூகாஸிலுக்கு அருகே, கால் நகத்தை எடுப்பதற்காக மயக்கம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் சில நிமிஷங்களில் மாண்டாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர் போயிற்று! ஆவியின் வன்மை கட்டுக்கடங்காமல் இருதயத்தைத் தாக்கியதே காரணம் என்பது ஸ்நோவின் முடிவு. காற்றில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குளோரோபாரம் கலவாதவாறு காத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

தம் வாழ்நாளில் 4,000 தடவைக்கு மேல் அவர் அம்மருந்தைக் கொடுத்தார். 1853-இலும் 1857-இலும் விக்டோரியா ராணியின் பிரசவங்களுக்கு அவரையே அழைத்தனர். 1853-இல் அவர் உபயோகித்ததும் கைக்குட்டையே. ஆயினும் நோவு கண்டபோது மட்டும், நினைவு தப்பாதபடி, சிறுகச் சிறுக அளந்து கொடுத்தார். அளவறிந்த கையில் கைக்குட்டையும் கருவியாயிற்று. அசுத்தமான குடிநீரால் காலரா பரவுகிறதென்பதை 1854-இல் லண்டனில் எடுத்துக் காட்டியவரும் இவரே.

குளோரோபாரத்தைப்பற்றிய பெருநூலை முடிக்குந் தறுவாயில், 1858 ஜூன் 16-ஆம் தேதி, 45-வது வயதில் அவர் காலமானார். அம்மருந்து இன்று ரணசிகிச்சைச் சாலையை விட்டு அகன்றுவிட்டது. அவர் வகுத்த நெறி அகலவில்லை. இன்றைய மயக்க யந்திரங்களும் வெப்பத்துக்கேற்ப ஆவியை அளந்தே விடுகின்றன. வலியை நீக்கும் ஆற்றல் உயிரையும் நீக்க வல்லது. ஆற்றலைக் கண்டவர்களைப் போற்றும் நாம், அதற்கு அளவு கண்டவரையும் மறத்தலாகாது.