வழி தவறினாலும் வரலாறு படைத்தவர்... எமி ஜான்சனின் கடைசிப் பயணம் சொல்லும் பாடம்!

போன்ல மேப் இல்லாம, ரேடியோ இல்லாம, கீழே தெரியும் ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்தே பாதி உலகத்தைத் தாண்டச் சொன்னால் கிளம்புவீங்களா? 1930-ல் 26 வயதுப் பெண் ஒருவர் கிளம்பினார். அவர் பெயர் எமி ஜான்சன்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1903-ல் பிறந்தவர். அப்பா மீன் வியாபாரி. பொருளாதாரம் படித்துவிட்டு லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தார். பொழுதுபோக்காகத்தான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆனா, அதோடு நிற்கலை. கையில் கிரீஸ் பூசிக்கொண்டு இன்ஜின் வேலையும் பழகி, விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமமும் வாங்கினார். அந்த உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

1930 மே 5. லண்டன் அருகே குரோய்டனிலிருந்து தனியாகப் புறப்பட்டார். கையில் 'ஜேசன்' என்று பெயர் வைத்த, செகண்ட் ஹேண்டில் 600 பவுண்டுக்கு வாங்கிய சின்ன ஜிப்ஸி மாத் விமானம். போக வேண்டியது ஆஸ்திரேலியா. அதுவரை அவர் ஓட்டிய மிக நீண்ட பயணமே லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரைதான்னா நம்புவீங்களா?

வழி தவறுவது அந்தப் பயணத்தில் சகஜமாகவே இருந்தது. பாக்தாத் பக்கம் மணல் புயலில் சிக்கி, பாலைவனத்திலேயே இறங்கினார். கராச்சியிலிருந்து அலகாபாத் போக நினைத்தவர், எரிபொருள் போதாமல் நம்ம ஜான்சியில், ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். ரங்கூனில் குதிரைப் பந்தய மைதானத்தைத் தேடியவர், பக்கத்து ஊரான இன்செயினில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்க, விமானம் பள்ளத்தில் விழுந்து புரொப்பெல்லர் உடைந்தது. நல்லவேளை, ஸ்பேர் புரொப்பெல்லரை விமானத்தோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்லூரிக்காரர்கள் இறக்கையைத் தைத்துக் கொடுத்தார்கள்.

மே 24-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண்! அவர் முறியடிக்க நினைத்த சாதனையைவிட சில நாள்கள் அதிகமாகிவிட்டன. ஆனால், உலகம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டைப்பிஸ்ட் பெண் ஒரே மாதத்தில் உலகப் புகழ் பெற்றார்.

சரி, திறமையான பைலட் எப்படி வழி தவறுவார்னு கேட்கிறீங்களா? விமானிகளிடம் எளிய கணக்கு ஒன்று உண்டு. திசை 1 டிகிரி பிசகினால், 60 மைல் போகும்போது 1 மைல் தள்ளிப் போயிருப்பீர்கள். 10 டிகிரி பிசகினால் 10 மைல். பக்கவாட்டில் அடிக்கும் காற்று இந்தப் பிசகைச் சத்தமே இல்லாமல் செய்துவிடும். தரை தெரிந்தால் திருத்திக்கலாம். மேகம் மூடிவிட்டால்?

அதுதான் 1941 ஜனவரி 5-ல் நடந்தது. இரண்டாம் உலகப்போர் காலம். தொழிற்சாலைகளிலிருந்தும் தளங்களிலிருந்தும் போர் விமானங்களை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்கும் பிரிவில் எமி வேலை பார்த்தார். அன்று ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ரக விமானத்தை பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்குக் கொண்டுபோக வேண்டும். சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். வானிலை மோசம். காலை 11.49-க்குக் கிளம்பியவர், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் கழித்து, போக வேண்டிய இடத்திலிருந்து 160 கி.மீ தாண்டி, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தின் மேல் பாராசூட்டில் இறங்கினார்.

அந்த வானம் சாதாரண வானம் இல்லை. எதிரி விமானம் வரும் பாதை என்பதால் பலூன் தடுப்புகளும் பீரங்கிகளும் காவல் காத்த பகுதி. யார், எந்த விமானம் என்று நிரூபிக்க முடியாமல் அங்கே நுழைந்தால் ஆபத்துதான். அடையாளக் குறியைத் தப்பாகச் சொன்னதால் எமியின் விமானத்தைத் தாங்களே சுட்டதாக 1999-ல் ஒரு முன்னாள் பீரங்கி வீரர் சொன்னார். அது நிரூபிக்கப்படவில்லை. எரிபொருள் தீர்ந்து குதித்தார் என்றுதான் நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது.

உறையவைக்கும் தண்ணீரில் விழுந்தவரைக் காப்பாற்ற, ஹேசில்மியர் கப்பல் நெருங்கியது. முடியவில்லை. கப்பலின் கேப்டன் வால்டர் ஃப்ளெட்சர் கடலில் குதித்தார். குளிர் அவர் உயிரையும் வாங்கிவிட்டது. எமியின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

ஜான்சியிலும் இன்செயினிலும் அவரைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? கீழே தரை தெரிந்தது. கண்ணில் பட்ட மைதானத்தில் இறங்க முடிந்தது. கடைசி நாளில் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அடுத்த முறை மேகத்துக்குள் விமானம் நுழையும்போது, ஜன்னல் வழியே ஒன்றுமே தெரியாவிட்டாலும் நீங்க நிம்மதியா உட்கார்ந்திருப்பீங்க. ரேடாரும் செயற்கைக்கோளும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எமிக்கு இருந்ததெல்லாம் திசைகாட்டி, வரைபடம், கூடவே அசாத்திய துணிச்சல். ஜேசனைப் பார்க்கணும்னா, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கு.